ஸ்பினல் போலி மாணிக்கம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவப்பு ரத்தினங்களை அடையாளம் காண்பது பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் மூன்று பிழைகள் உள்ளன. ஸ்பினல் என்ற ரத்தினக்கல்லைப் 'போலி மாணிக்கம்' என்று சொன்னது ஒன்று. கண்ணாடியைக் கீறினால் மாணிக்கம் என்றது இரண்டாவது. புறஊதா டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பாக ஒளிர்ந்தால் மாணிக்கமேதான் என்றது மூன்றாவது. முதல் பிழையால் ஒரு நல்ல கல்லுக்குக் கெட்ட பெயர் வருகிறது, அவ்வளவுதான். மற்ற இரண்டையும் நம்பி யாராவது செய்து பார்த்தால் கல்லும் கெடும், முடிவும் தவறாக வரும். அதனால் இந்தக் கடிதம் வழக்கத்தைவிட நீளமாகிறது, பொறுத்தருள வேண்டும்.

மாணிக்கம் என்பது குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகை. (ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) அது அலுமினிய ஆக்சைடு. ஸ்பினல் என்பது மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு. இரண்டிலும் சிவப்பைத் தருவது மிகச் சிறிதளவு குரோமியம். சாயம் ஒன்று, துணி வேறு என்பதுபோல. சலவைக்கல் பாறைகளில் இரண்டும் அருகருகே விளைவதும் உண்டு. மியன்மாரின் மோகோக் பள்ளத்தாக்கு அதற்குப் பெயர்போன இடம். ஒரே சரளையிலிருந்து ஒரே கூடையில் வந்து சேர்ந்த சிவப்புக் கற்களைப் பழங்காலத்தார் ஒரே பெயரால் அழைத்ததில் வியப்பில்லை. பிரிட்டனின் அரச மணிமுடியில் முன்பக்கம் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஒரு ஸ்பினல். முகலாயப் பேரரசர்களின் பெயர்கள் பொறித்த 'தைமூர் மாணிக்கம்' என்பதும் அப்படியே. இரண்டும் வேறு வேறு கனிமங்கள் என்பதை 1783இல் ரோமே டி லீல் என்ற பிரெஞ்சு கனிமவியலாளர் பிரித்துக் காட்டினார். பெயர் தெரியாமல் பேரரசர்கள் போற்றிய கல்லைப் பெயர் தெரிந்த பின் நாம் போலி என்பது நியாயமில்லை. ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்றால் அது மோசடி. அந்தக் குற்றம் விற்பவருடையது, கல்லுடையது அல்ல.

இனிக் கீறல் சோதனை. மோஸ் அளவுகோலில் மாணிக்கத்தின் கடினத்தன்மை 9, ஸ்பினலுடையது 8. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. ஆகவே இரண்டுமே கண்ணாடியைக் கீறும். 7 உள்ள படிகக்கல் கீறும், 7 முதல் 7.5 வரை உள்ள கார்னெட் என்ற வேறொரு ரத்தினமும் கீறும், ஆலையில் செய்த செயற்கை மாணிக்கமும் கீறும். இத்தனைக்கும் 'ஆம்' என்று சொல்லும் சோதனை எதைப் பிரித்துக் காட்டுகிறது? கண்ணாடியில் அழுத்தி இழுக்கும்போது பட்டைகள் கூடும் கூர்விளிம்பு சில்லுடைவதுதான் மிச்சம். கடினமான கல் கீறாது என்பது சரி. ஆனால் அது விளிம்பில் உடையும்; கீறலை எதிர்ப்பதும் உடைவதை எதிர்ப்பதும் ஒன்றல்ல.

அதே இடத்தில் கட்டுரையாளர் '9க்கும் 8க்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்' என்கிறார். மோஸ் அளவுகோல் 1812இல் அமைந்தது. எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே அது சொல்கிறது. வகுப்பில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்பதைப் போல. இடையில் எத்தனை மதிப்பெண் இடைவெளி என்று ரேங்க் சொல்லாது. கருவியால் அளந்தால், அதே அளவுகோலில் 8ஆம் இடத்தில் உள்ள புஷ்பராகத்தைவிடக் குருந்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமானது. இதற்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு: இரண்டையும் ஒரே பொட்டலத்தில் போட்டு வைத்தால் மாணிக்கம் ஸ்பினலைக் கீறும், வைரம் இரண்டையும் கீறும். அன்றாடத் தூசியில் இருக்கும் மணல்துகள் 7 கடினம்தான் என்பதால் அணிந்து தேய்வதில் இரண்டுக்குமே பெரிய பயமில்லை.

உடைவதில் ஒரு சிறு வேறுபாடு இருக்கிறது. இரண்டுக்கும் வைரத்தைப்போலச் சுத்தமாகப் பிளக்கும் தளம் கிடையாது. ஆனால் மாணிக்கப் படிகங்களில் இரட்டைப் படிகத் தளங்கள் (படிகத்தின் இரு பகுதிகள் திசை மாறி ஒட்டி வளர்ந்த இடங்கள்) ஓடுவதுண்டு. பதிக்கும்போது ஒரு பக்கமாக அழுத்தம் விழுந்தால் அந்தத் தளத்தோடு பிரியக்கூடும். லூப் என்ற கை உருப்பெருக்கியில் பார்க்கும்போது இணையான நேர்க்கோடுகள் கல்லின் ஓரம்வரை வந்து முடிந்தால், பதிப்பவர் அந்த ஓரத்தில் கொக்கியை அழுத்தாமல் வேறிடம் தேடுவது நல்லது.

புறஊதா விளக்கு இன்னும் மோசமான வழிகாட்டி. ஒளிர்வைத் தருவது குரோமியம். அது இரண்டிலும் இருக்கிறது. நல்ல சிவப்பு ஸ்பினல் நீள அலைப் புறஊதாவில் தணலாகச் சிவக்கும், மாணிக்கமும் அப்படியே. மாறாக, இரும்பு கூடுதலாக உள்ள உண்மையான மாணிக்கம் மங்கலாகவே ஒளிரும், சில நேரம் ஒளிராமலே கிடக்கும். இரும்பு அந்த ஒளிர்வை அணைத்துவிடுகிறது. இரும்பே இல்லாமல் சுத்தமான தூளிலிருந்து செய்த செயற்கை மாணிக்கமோ எல்லாவற்றையும்விடப் பளீரென்று ஒளிரும். கட்டுரையின் விதிப்படி போனால் செயற்கைக் கல் முதல் பரிசு வாங்கும், இயற்கைக் கல் தோற்றுப்போகும். ஆனால் டார்ச் முழுவதும் வீண் என்றும் சொல்ல மாட்டோம். சிவப்புக் கார்னெட்டில் இரும்பு நிறைய இருப்பதால் அது பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். அதனால் கார்னெட் என்ற சந்தேகத்தை ஓரளவு நீக்க அது உதவும். மாணிக்கமா ஸ்பினலா என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை.

பதில் இருக்கும் இடம் படிக அமைப்பு. ஸ்பினல் கனசதுர வகையைச் சேர்ந்தது. இயற்கையில் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற எண்முகியாக வளரும். மாணிக்கம் முக்கோண வகை. ஆறு பக்கத் தூணாகவோ தட்டையாகவோ வளரும். கனசதுரப் படிகத்தில் எந்தத் திசையில் போனாலும் ஒளிக்கு ஒரே வேகம்; இதுதான் ஒற்றை விலகல். மாணிக்கத்தில் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிந்து இரண்டு வேகத்தில் போகும். கீழே வரும் சோதனைகளில் பாதி இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் ரிஃப்ராக்டோமீட்டர். கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண்ணைப் படிக்கும் இந்தச் சிறு கருவி ரத்தினப் பரிசோதனை செய்பவர் எல்லோரிடமும் இருக்கும். ஸ்பினல் 1.718 என்று ஒரே நிழல்கோட்டைக் காட்டும். மாணிக்கம் 1.762, 1.770 என்று இரண்டைக் காட்டும். கல்லும் கருவியின் கண்ணாடியும் இடைவெளியின்றி ஒட்டுவதற்கான தொடுதிரவத்தைக் குண்டூசித் தலை அளவே வைக்க வேண்டும். அதிகமானால் கல் திரவத்தில் மிதந்து, கல்லின் கோட்டுக்குப் பதில் 1.79 அல்லது 1.81 அருகே திரவத்தின் கோடு மட்டும் தெரியும். பழகாதவர் அதையே கல்லின் எண்ணாக எழுதிவிடுவார். சோடியம் மஞ்சள் ஒளி வேண்டும். வெள்ளை ஒளியில் வானவில் விளிம்பு படிந்து, 0.008 வித்தியாசம் உள்ள இரு கோடுகள் ஒன்றாகக் குழம்பிவிடும். பெரிய தட்டைப் பட்டையைக் கண்ணாடியில் வைத்து, விரலால் மெல்ல 30 பாகை, 30 பாகையாக 180 பாகை வரை திருப்பிப் படிக்க வேண்டும். மாணிக்கத்தில் ஒரு கோடு 1.770இல் அசையாமல் நிற்கும், மற்றது நகரும். சில நிலைகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு முறை படித்துவிட்டு 'ஒரு கோடுதான், எனவே ஒற்றை விலகல்' என்று எழுதுவது இங்கேதான் நடக்கிறது. கருவியின் கண்ணாடி மென்மையானது என்பதையும் மறக்கக் கூடாது. கல்லை அதன்மேல் தேய்த்து இழுத்தால் மாணிக்கம் கோடு போட்டுவிடும். எடுக்கும்போது ஓரத்துக்குத் தள்ளி விரலால் தூக்க வேண்டும்.

1.718க்கும் 1.762க்கும் இடையே இடைவெளி அகலமாகத்தானே இருக்கிறது, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். காரணம் கார்னெட். சிவப்புக் கார்னெட்டுகளின் எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. பைரோப் என்ற கார்னெட் வகையில் சில கற்கள் ஸ்பினலை ஒட்டி 1.72, 1.73 என்று காட்டும், ரோடோலைட் என்ற வகை 1.76ஐத் தொட்டு மாணிக்கத்தின் வாசலில் நிற்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். 1.76இல் கோடு ஒன்றா இரண்டா என்பதே அங்கே தீர்ப்பு. 1.72 அருகே ஒற்றைக் கோடு வந்தால் வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பயன்படுத்தலாம். கல்லை நீரில் மிதக்கும் தக்கையின் மேல் வைத்து, காந்தத்தைத் தொடாமல் அருகே கொண்டுவந்தால், கார்னெட் காந்தத்தை நோக்கி நகரும். சிவப்பு ஸ்பினல் அப்படி இழுபடாது.

அடுத்தது பொலாரிஸ்கோப். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே கல்லை வைத்து ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால், மாணிக்கம் நான்கு முறை வெளிச்சமாகி நான்கு முறை இருளும். ஸ்பினல் சுற்று முழுவதும் இருட்டாகவே இருக்க வேண்டும். 'வேண்டும்' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்அழுத்தம் உள்ள ஸ்பினலில் பாம்பு நெளிவதுபோல வெளிச்சப் பட்டைகள் ஓடும். அது நான்கு முறைச் சிமிட்டல் அல்ல. மாணிக்கத்தையும் அதன் ஒளி அச்சு (ஒளி இரண்டாகப் பிரியாமல் போகும் திசை) வழியாகப் பார்த்தால் இருட்டாகவே தெரியும். நல்ல நிறம் கிடைக்கத் தட்டைப் பட்டையை அந்த அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுவது பட்டை தீட்டுபவர்களின் வழக்கம். ஆகவே கல்லை முகம் குப்புற வைத்தால் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தவறான திசையைத்தான். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மறுபடியும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

நகையில் பதித்த கல்லுக்கு எளிதானது டைக்ரோஸ்கோப். கல்லில் பிரிந்த இரண்டு கதிர்களின் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இரு சதுரங்களாகக் காட்டும் சிறு குழாய் அது. மாணிக்கம் வழியே பார்த்தால் இரு சதுரங்களில் ஒன்று ஊதா கலந்த சிவப்பு, மற்றது ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஸ்பினலில் இரண்டும் அச்சு அசல் ஒரே நிறம். ஒளி கல்லின் ஊடாக வர வேண்டும். பட்டையில் பட்டுத் தெறித்துவரும் ஒளியில் நிற வேறுபாடு பொய்யாகத் தோன்றும். இங்கேயும் குறைந்தது மூன்று திசைகளில் பார்க்க வேண்டும். ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் காட்டும், கைக்குள் அடங்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது: மாணிக்கத்தின் நிறமாலையில் நீலப் பகுதியில், 468, 475, 476 நானோமீட்டர் அருகே மெல்லிய கறுப்புக் கோடுகள் உண்டு, ஸ்பினலில் அவை இல்லை. சிவப்புப் பகுதியில் மாணிக்கத்துக்கு 694ஐ ஒட்டி நெருங்கிய இரட்டைக் கோடு, ஸ்பினலுக்குப் பல கோடுகள் வரிசையாக.

பத்து மடங்கு லூப்பில் பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் மாணிக்கம் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். 0.008 வித்தியாசத்தில், ஒரு காரட்டுக்கும் குறைவான கல்லில் அந்த இரட்டிப்பைக் காண்பது அரிது. தெரியவில்லை என்பதற்காக ஸ்பினல் என்று எழுதிவிடக் கூடாது. லூப்பின் உண்மையான வேலை உள்ளே கிடப்பவற்றைப் பார்ப்பது. ஸ்பினலில் நுண்ணிய எண்முகிகள் தனியாகவோ, எறும்பு வரிசைபோலச் சேர்ந்தோ இருக்கும். மாணிக்கத்தில் பட்டு இழைபோன்ற, ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் மூன்று திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும். அவை அடர்ந்தால்தான் ஆறு கதிர் நட்சத்திரம் கிடைக்கிறது. ஸ்பினலில் நட்சத்திரம் அரிது. வந்தால் நான்கு கதிராகவோ ஆறு கதிராகவோ இருக்கும்.

பதிக்காத கல்லாக இருந்தால் எடை இன்னொரு சாட்சி. மாணிக்கத்தின் ஒப்படர்த்தி (அதே கன அளவு நீரைப்போல எத்தனை மடங்கு எடை என்பது) 4.00, ஸ்பினலுடையது 3.60. ஒரே அளவு, ஒரே வெட்டு என்றால் மாணிக்கம் 1.00 காரட் நிற்கும் இடத்தில் ஸ்பினல் 0.90 காரட்தான் நிற்கும். அளப்பதற்கு மின்னணுத் தராசின் தட்டைத் தொடாமல் அதன் குறுக்கே ஒரு சிறு பாலம் வைத்து, பாலத்தின் மேல் நீர்க் குவளையை வைக்க வேண்டும். தட்டில் நிற்கும் சட்டத்திலிருந்து மெல்லிய கம்பிக் கூடை நீருக்குள் தொங்க வேண்டும். கூடை நீரில் இருக்கும்போதே தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கல்லைக் கூடையில் இட வேண்டும். காற்றில் உள்ள எடையை, காற்றிலும் நீரிலும் உள்ள எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை. காற்றில் 1.20 காரட், நீரில் 0.90 காரட் என்றால் வித்தியாசம் 0.30; விடை 4.00, மாணிக்கம். நீரில் 0.867 காரட் என்றால் விடை 3.60, ஸ்பினல்.

இதில் ஏமாற்றுவது குமிழ். கல்லின் அடியில் ஒட்டிய குமிழ் அதை மேலே தூக்கும். நீரில் எடை குறையும், விடை கீழே இறங்கும். 0.40 காரட் மாணிக்கத்தின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் குமிழ் ஒன்று ஒட்டினாலே வித்தியாசம் 0.10 என்பது 0.11 ஆகி, 4.00 என்பது 3.64 ஆகிவிடும். மாணிக்கம் கண்ணெதிரே ஸ்பினலாகிறது! கொதிக்க வைத்து ஆறிய நீர், அதில் ஒரு சொட்டுச் சோப்பு, இறக்குமுன் கல்லை நனைத்துத் தூரிகையால் தடவுவது, இந்த மூன்றும் போதும். தராசு 0.01 காரட் வரை மட்டும் காட்டுமானால் மிகச் சிறிய கல்லுக்கு இந்த வழியே வேண்டாம். 0.20 காரட் கல்லில் வித்தியாசம் 0.05 தான்; கடைசி இலக்கம் ஒன்று கூடினால் 3.33, ஒன்று குறைந்தால் 5.00. அந்த விடையை எழுதி வைப்பதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மேலே சொன்ன எண்கள் கனிமத்தின் பெயரைச் சொல்லும்; அது மண்ணில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்று சொல்லாது. 1902இல் வெர்னூய் அறிவித்த சுடர் உருக்கு முறையில் வரும் செயற்கை மாணிக்கமும் 1.762, 1.770, 4.00 தான். அதை லூப்பில் தெரியும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளாலும் காற்றுக் குமிழ்களாலும் பிடிக்க வேண்டும்; இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ போகும், வளைவதில்லை. ஸ்பினலில், சுடர் உருக்கு முறையில் பெருமளவில் செய்யப்படும் நீலம், நிறமற்றது போன்றவை 1.728 என்று சற்று உயர்ந்து காட்டித் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். உருகிய உப்புக் கரைசலில் மெதுவாக வளர்க்கும் சிவப்பு ஸ்பினலோ இயற்கைக் கல்லின் எண்ணையே காட்டும். அங்கே நுண்ணோக்கியும் ஆய்வகமும்தான் வழி.

சூடேற்றுவதிலும் இரண்டும் ஒன்றல்ல. சந்தைக்கு வரும் மாணிக்கங்களில் பெரும்பாலானவை நிறத்துக்கும் தெளிவுக்கும் சூடேற்றியவை. ஸ்பினலைச் சூடேற்றுவது அரிது. சூடேற்றிய மாணிக்கம் நிலையானது, அதில் பயமில்லை. பயப்பட வேண்டியது வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு. ரிஃப்ராக்டோமீட்டரில் அது நல்ல பிள்ளையாக 1.762, 1.770 காட்டும். லூப்பின் கீழ் மெல்ல ஆட்டிப் பார்த்தால் வெடிப்பு ஓரங்களில் நீல மின்னல் ஓடும், தட்டையான குமிழ்கள் தெரியும், மேற்பரப்பில் கண்ணாடி நிரம்பிய இடங்கள் சுற்றியுள்ள பரப்பைவிட மங்கி இருக்கும். நகை பழுதுபார்க்கும் சுடரின் அருகே கொண்டுபோனால் அந்தக் கண்ணாடி உருகி வெளியேறும். மெருகுக் கரைசலின் அமிலமும், எலுமிச்சைச் சாறும்கூட அதை அரிக்கும். ஆகவே எந்தச் சிவப்புக் கல் நகையையும் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும், முடிந்தால் கல்லைக் கழற்றிவிட வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியும் நீராவியும் வெடிப்பில்லாத ஸ்பினலுக்கும் நிரப்பாத மாணிக்கத்துக்கும் பொதுவாகத் தீங்கு செய்யாது. எது எது என்று தெரியாத நிலையில் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

பரிசோதனைச் சான்றிதழ் வாங்குவோர் 'ரூபி' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், கனிமத்தின் பெயர், இயற்கையா செயற்கையா என்ற குறிப்பு, சூடேற்றியதா கண்ணாடி நிரப்பியதா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டுரையோடு வந்த அட்டவணையை மறுபடியும் வெளியிடுவதானால், ஸ்பினல் வரிசையில் 'போலி' என்ற சொல்லை நீக்கிவிட்டு 1.718, ஒற்றை விலகல், 3.60, கடினம் 8 என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரத்தினக்கல் பரிசோதனைப் பணியில் உள்ள வாசகர்கள்